ஈயைக் கொல்லும் நஞ்சும் ஈயை வெல்லும் வண்டும்

மாட்டின் மேனியில் உண்ணியும் கடியீயும் மொய்த்தால், நஞ்சு தெளித்து அவற்றைக் கொல்வதே அறிவியல் என்று கருதுவோர் பலர். அந்த ஈ எங்கே பிறக்கிறது, அதன் பெருக்கத்தைத் தடுப்பது எது என்று வினவுவோர் சிலரே. அச்சிலருள் தலையாயவர், 2014-இல் மறைந்த பூச்சியியல் அறிஞர் சியார்சு போர்னெமிசா. அங்கேரி நாட்டிற் பிறந்த அவர், 1950-ஆம் ஆண்டின் இறுதியில் ஆத்திரேலியாவிற் குடிபுகுந்தார்.

அந்நாட்டு மேய்ச்சல் நிலங்கள் அவரை வியக்க வைத்தன. அங்கேரியில் வண்டுகள் விரைந்து மண்ணுட் புதைத்துவிடும் மாட்டுச் சாணம், ஆத்திரேலியாவில் திங்கட் கணக்காகக் காய்ந்து கிடந்தது. கரணியம் எளிதே. 1788-இல் ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொணரும்வரை அம்மண்ணில் மாடே இல்லை. கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய உள்நாட்டு வண்டுகள், ஈரமிக்க மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் நாடவில்லை. ஒரு மாடு நாளொன்றுக்கு 10 முதல் 12 முறை சாணமிடும். மாடுகள் கோடிக்கணக்கிற் பெருகவே, சாணம் புல்லை மூடியது, ஈக்களுக்குத் தொட்டிலாயிற்று.

அவ்வீக்களுட் கொடியது எருமை ஈ. அது மாட்டின் மேலேயே தங்கி, நாள்தோறும் பன்முறை குருதி குடிப்பது; முட்டையிடுதற்கு மட்டும் புதுச் சாணத்தில் இறங்குவது. 1872-இல் சாவகத்து மாடுகளோடு உண்ணியும் வந்து சேர்ந்திருந்தது. உண்ணியை ஒழிக்க மாடுகளை ஆர்செனிக்குக் கரைசலில் முக்கினர். 1930-களில் உண்ணி அந்நஞ்சைத் தாங்கி நின்றது. டி.டி.டி. வந்தது, 1950-களில் அதனையும் தாங்கியது. பின்வந்த நஞ்சுகளுக்கும் அதே நிலைதான். எருமை ஈயும் அவ்வழியே சென்றது. நஞ்சு மாறிக்கொண்டே இருந்தது, பகை மாறவில்லை.

போர்னெமிசா வேறு வழி கண்டார். 1965-இல் ஆத்திரேலிய நடுவணரசின் ஆய்வு நிறுவனத்தில் சாணவண்டுத் திட்டம் தொடங்கிற்று. ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் வண்டுகளைத் தேர்ந்தார்கள். நோயும் சிற்றுண்ணியும் உடன் வாராதிருக்க, முட்டைகளை மட்டும் கழுவித் தூய்மை செய்து, கையால் உருட்டிய சாண உருண்டைகளில் இட்டு வளர்த்தார்கள். 1968 முதல் வண்டுகள் வெளியில் விடப்பட்டன. 20-க்கும் மேற்பட்ட இனங்கள் நிலைகொண்டன. அவை சாணத்தைப் புதைத்தன. மண் வளம் பெற்றது. பல இடங்களிற் புதர் ஈ குறைந்தது. எருமை ஈ முற்றும் ஒழியவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் வண்டின் உழைப்புக்கு எந்த உயிரும் எதிர்ப்பாற்றல் பெறுவதில்லை அன்றோ!

இங்கேதான் பெருந்தவறு நுழைகிறது. 1981-இல் கால்நடைகளுக்கென வணிகத்திற்கு வந்த ஐவர்மெக்டின், குடற்புழுவையும் உண்ணியையும் கொல்வது. ஆனால் அதன் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி, அதனுள் வளரும் வண்டுக் குஞ்சுகளையும் அழிக்கிறது. வயிற்றில் தங்கி மெல்ல மெல்ல இம்மருந்தை வெளியிடும் உருண்டை கொடுத்த கன்றுகளின் சாணம், 100 நாள் கழித்தும் பெரிதும் சிதையாது கிடந்ததென்று 1987-இல் ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் காட்டினர். உண்ணிக்கும் ஈக்கும் மேலே ஊற்றும் செயற்கைப் பைரித்திராய்டு நஞ்சுகள் சிலவும் அவ்வாறே சாணத்தில் இறங்கி வண்டைக் கொல்கின்றன. ஈயைக் கொல்ல இட்ட நஞ்சு, ஈயின் தொட்டிலை அழிக்கும் வண்டைக் கொல்லுமாயின், அதனால் வென்றது யார்?

மருந்தே வேண்டாமென்பதன்று கருத்து. நோயுற்ற மாட்டைத் துன்பத்தில் விடுதல் அறமாகாது. ஆனால் நாட்குறித்து மந்தை முழுவதற்கும் ஊற்றுவது மருத்துவமன்று; அது வணிகர்க்கு ஆக்கம், மண்ணுக்கு இழப்பு. உண்ணி மிகுந்த மாட்டிற்கு மட்டும் மருந்திடலாம். வண்டுகள் பெருகும் பருவத்தைத் தவிர்க்கலாம். வண்டுக்குத் தீங்கு குறைந்த மருந்தைத் தேரலாம். மாடு நுழைந்து செல்லும் ஈப்பொறி வைக்கலாம். இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த இனங்கள் உண்ணியைத் தாமே தாங்குவன, அவற்றைப் பேணலாம்.

மாடு வளர்ப்போர் மருந்துப் புட்டியை எடுக்குமுன், காலடியிற் கிடக்கும் சாணத்தைக் கிளறிப் பார்க்கட்டும். அதில் வண்டு இருக்குமாயின், கூலி கேளாத காவலர் அங்கே உழைக்கின்றனர். அவர்களைக் கொன்றுவிட்டு ஈயைப் பழிப்பதிற் பயனில்லை!