நகரசபை வேலை யார் வீட்டுச் சொத்து?

சிக்காகோ என்றதும் மே தினம்தான் நம் நினைவுக்கு வரும். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் தொழிலாளர் ரத்தம் சிந்திய நகரம் அது. அதே நகரின் நகரசபையில் 1983 முதல் 1986 வரை நடந்த ஒரு சண்டையை நமது உழைப்பாளி மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். ‘கவுன்சில் யுத்தம்’ என்றே அதற்குப் பெயர். மேலோட்டமாகப் பார்த்தால், மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் இருந்த சொந்தப் பகைதான் காரணம் என்று தோன்றும். பகை இருந்தது உண்மையே. ஆனால் எதற்காகப் பகை?

1955 முதல் 1976-ல் சாகும் வரை ரிச்சர்டு ஜே. டேலி அங்கே மேயராக இருந்தார். ஜனநாயகக் கட்சித் தலைமையும் அவர் கையில்தான். 30,000-க்கும் மேற்பட்ட வேலைகள் அந்தக் கட்சி யந்திரத்தின் பிடியில் இருந்ததாகச் சொல்வார்கள். குப்பை அள்ளும் வேலையானாலும் குமாஸ்தா வேலையானாலும் வார்டு தலைவரின் சிபாரிசு வேண்டும். வேலை பெற்றவன் தேர்தலில் அவருக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை நிலைக்காது. மேஸ்திரி தயவில் ஆலைக்குள் நுழைந்தவன் மேஸ்திரியை எதிர்த்து வாய் திறக்க முடியுமா? அதே கதைதான். எழுத்து மூலமான ஒப்பந்தம் கேட்டு அந்நகரத் தீயணைப்புத் தொழிலாளர் 1980-ல் 23 நாள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கோட்டையில் 1983 ஏப்ரலில் உடைப்பு ஏற்பட்டது. ஹரால்டு வாஷிங்டன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராக வெற்றி பெற்றார். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. அதே ஜனநாயகக் கட்சிக்காரர்தான். ஆனால் அவரை ஜெயிக்க வைத்தது கட்சி யந்திரம் அல்ல. 1982-ல் கறுப்பின மக்கள் வாழும் பேட்டைகளில் வீடு வீடாகச் சென்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புதிதாக வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த உழைப்புதான் அவரை மேயராக்கியது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! கவுன்சிலில் 50 இடங்கள். எட்வர்டு வர்டோலியாக், எட்வர்டு பர்க் ஆகியோர் தலைமையில் 29 பேர், பெரும்பாலும் வெள்ளையர், மேயருக்கு எதிராக அணி வகுத்தார்கள். மேயர் பக்கம் 21 பேர். 1983 மே 2-ந் தேதி நடந்த முதல் கூட்டத்தை மேயர் ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார். 29 பேரும் அங்கேயே கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தி, கமிட்டித் தலைமைப் பதவிகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு மேயர் நியமித்தவர்களின் பெயர்கள் மாதக்கணக்கில், சில வருஷக்கணக்கில், அங்கீகாரமின்றிக் கிடந்தன. மேயரின் தடையுத்தரவை முறியடிக்க 34 ஓட்டு வேண்டும். அது 29 பேருக்கு இல்லை. சட்டம் நிறைவேற்ற மேயருக்குப் பலம் இல்லை. இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை.

இதில் நஷ்டப்பட்டது யார்? பூங்கா நிர்வாகத்தைப் பாருங்கள். அதன் தலைமை அதிகாரி எட்மண்டு கெல்லி ஒரு வார்டின் கட்சித் தலைவரும் ஆவார். கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழி பேசுவோரும் வாழும் பகுதிகளுக்குப் பூங்கா வசதிகளில் ஓரவஞ்சனை செய்யப்படுகிறது என்று 1982-ல் மத்திய சர்க்காரே வழக்குத் தொடுத்தது. அந்த நிர்வாகக் குழுவுக்கு மேயர் நியமித்த ஆட்களைக் கவுன்சில் நெடுங்காலம் அங்கீகரிக்கவில்லை. குழந்தைகள் ஓடியாடும் மைதானம்கூடப் பதவிச் சண்டையில் சிக்கிக்கொண்டது!

முட்டுக்கட்டை எப்படி உடைந்தது? சமரசப் பேச்சினால் அல்ல. சிறுபான்மை மக்களின் ஓட்டைச் சிதறடிக்கும் விதத்தில் வார்டு எல்லைகள் வரையப்பட்டிருந்தன என்று கோர்ட்டில் நிரூபித்தார்கள். 1986-ல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. மீண்டும் வீடு வீடாக வேலை. முடிவில் பலம் 25-க்கு 25. மேயரின் ஓட்டு தராசைச் சாய்த்தது. தேங்கிக் கிடந்த நியமனங்கள் நிறைவேறின. கெல்லியும் பதவியை விட்டு விலகினார்.

இங்கே ஒரு கேள்வி எழும். வெற்றி பெற்ற பிறகு நம் ஆட்களுக்கு வேலை கொடுப்பதில் என்ன தவறு? இத்தனை காலம் அவர்கள் தின்றார்களே! வாஷிங்டனின் ஆதரவாளர் சிலருக்கும் இந்த எண்ணம் இருந்தது. நாம் இதை ஏற்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரின் கொள்கையை நடத்தும் மேல்மட்டப் பதவிகளுக்கு அவர் நம்பும் ஆட்கள் வரலாம், வரவும் வேண்டும். ஆனால் துப்புரவுத் தொழிலாளியின் வேலையும் குமாஸ்தாவின் வேலையும் எந்தத் தலைவரின் கொடையும் அல்ல. இன்று நம் ஆள் தயவில் கிடைத்த வேலை நாளை எதிராளியின் கோபத்தில் போய்விடும். 1969-ல் தொடுக்கப்பட்ட ஷாக்மன் வழக்கின் பலனாக, அரசியல் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1972-ல் உத்தரவு வந்தது. வேலைக்கு எடுப்பதிலும் அரசியல் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு 1983-ல் வாஷிங்டன் நிர்வாகம் சம்மதித்தது. தன் கையைத் தானே கட்டிக்கொண்ட அந்தச் செயல்தான் சரியான செயல்.

1987 நவம்பரில் வாஷிங்டன் மாரடைப்பால் காலமானார். ஒரே வாரத்தில், பழைய 29 பேர் கோஷ்டியில் மிஞ்சியிருந்தவர்கள் தங்களுக்கு ஒத்துவரும் ஒருவரை மேயராக்கினார்கள். 1989-ல் பழைய டேலியின் மகனே மேயரானார். பர்க் 2023 வரை கவுன்சிலராக நீடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2024-ல் இரண்டாண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஒரு மனிதரைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம் அந்த மனிதரோடு கலைந்தது. பதவியைச் சுற்றிச் சேர்ந்த கூட்டமோ பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

ஆகவே, தோழர்களே, யார் நாற்காலியில் உட்காருகிறார் என்பதோடு நம் கவனம் நின்றுவிடக் கூடாது. வேலைக்கு விதி இருக்கிறதா? கூலிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்கிறதா? தெருத் தெருவாக நமக்கு ஸ்தாபனம் இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் தலைவர்களின் பகை நம் அடுப்பை அணைக்க முடியாது. உழைத்துப் பெறும் வேலைக்காக எவன் காலிலும் விழ வேண்டியதில்லை. அந்த நிலையைச் சங்கத்தால்தான் உண்டாக்க முடியும். உண்டாக்குவோம்!