உள்ளத்திற்கும் ஓர் இருக்கை

உடலிற் பட்ட காயத்தைக் கண்ணுடையார் யாவரும் காண்பர். உள்ளத்திற் பட்ட காயத்தைப் பட்டவரன்றிப் பிறர் காண்டல் அரிது. இதனாலேயே நம் தொழிற்சாலைகளிலும் காரியாலயங்களிலும் முன்னதற்குக் கிடைக்கும் பரிவிற் பத்திலொரு பங்கும் பின்னதற்குக் கிடைப்பதில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளர் 150 பேருக்கு ஒன்று வீதமேனும் முதலுதவிப் பெட்டி வைத்தல் வேண்டுமென விதித்தது. விரலில் வெட்டுப்பட்டவனுக்குத் துணியும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. மனம் நொந்தவன் எந்தப் பெட்டியைத் திறப்பான்?

என் சிறிய தந்தையார் ஒரு வியாபார ஸ்தலத்தில் பல்லாண்டுகள் கணக்கெழுதி வந்தார். காய்ச்சலுற்ற நாட்களில் வைத்தியர் சீட்டைக் காட்டியவுடனே அவருக்கு விடுமுறை கிடைத்தது. ஆனால் வீட்டில் நேர்ந்த ஒரு துக்கத்தின்பின் மாதக்கணக்காக அவருக்கு உறக்கமில்லாது போயிற்று. ஒரே தொகையை மூன்று முறை கூட்டினால் மூன்று விடைகள் வந்தன. மனம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால், பைத்தியம் என்னும் பெயர் நிலைத்துவிடுமென்றஞ்சி அவர் மௌனமாயிருந்தார். மேலதிகாரியோ காரணம் வினவாது பலர் முன்னிலையிற் கடிந்து பேசினார். மறுநாள் முதல் சிறிய தந்தையார் அங்கே செல்லவில்லை. அந்த ஸ்தலம் பழுத்த அனுபவமுள்ள கணக்கர் ஒருவரை இழந்தது. அவரோ தம்மீது தாம் வைத்திருந்த மதிப்பை இழந்தார். தனியே அழைத்து, "என்ன நேர்ந்தது?" என்று வினவியிருந்தால் இவ்விரண்டு இழப்பும் நேராதிருந்திருக்கலாம்.

இஃது ஒருவர் கதையன்று. மனச்சோர்வினாலும் மனப்பதற்றத்தினாலும் ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்றும், அதனால் விளையும் நஷ்டம் ஒரு லட்சம் கோடி டாலர் அளவினது என்றும் உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2022-இல் எடுத்துக்காட்டின. இரக்கத்தின் பொருட்டன்றாயினும் இலாபத்தின் பொருட்டேனும் முதலாளிமார் இதனைக் கருதுதல் தகும்.

"எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா? உழைப்பவனுக்குக் கவலைப்பட நேரமேது?" என்று வினவும் முதியோர் உளர். அக்காலத்திலும் இத்துயர் இருந்தது. அதனைச் சொல்லுதற்குத் துணிவும், கேட்பதற்குச் செவியுமே இல்லாதிருந்தன. அன்றியும், அந்நாளிற் காரியாலயத்தின் கதவை மாலையிற் பூட்டினால் வேலையும் உள்ளே பூட்டப்பட்டது. இந்நாளிலோ கைத்தொலைபேசியின் வழியே அது படுக்கையறை வரைக்கும் தொடர்ந்து வருகின்றது.

இக்குறையை உணர்ந்த கம்பெனிகள் சில, ஆண்டுக்கொருமுறை சொற்பொழிவும் மூச்சுப்பயிற்சியும் நடத்துகின்றன. அவற்றை இகழ்வதற்கில்லை. எனினும், கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவனுக்குக் குடைபிடிக்கக் கற்பித்துவிட்டுக் கூரையை வேயாது விடலாமோ? தொழிற்களைப்பு என்பது தொழிலிடத்திற் சரிவர நிர்வகிக்கப்படாத, நீடித்த நெருக்கடியினின்று விளைவதென்று 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துரைத்தது. ஆகவே மனிதனைத் திருத்துமுன் வேலையின் அமைப்பைத் திருத்துதல் வேண்டுமென்பதே என் கருத்து.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. பெரிய துணிக்கடைகளில் விற்பனை செய்யும் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டேயிருக்கும் வழக்கத்தை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கடைக்கு வந்தவர் எவருமில்லாத வேளையிலும் அவர்கள் அமர்தல் குற்றமென்று கருதப்பட்டது. கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் கடைகளுக்குரிய சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்க்கு இருக்கை அளித்தல் கட்டாயமாயிற்று. ஒரு முக்காலியின் விலை என்ன? கால்வலி குறைந்தது மாத்திரமா பயன்? "நீயும் எம்போல் ஒரு மனித உயிர்; நீ களைப்பாய் என்பதை நாங்கள் அறிவோம்" என்று அந்த முக்காலி பேசாது பேசுகின்றதன்றோ! சட்டப் புத்தகத்தில் உள்ள இருக்கை ஒவ்வொரு கடையிலும் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது வாங்கச் செல்லும் நம் கடமையுமாகும்.

உள்ளத்திற்கும் இத்தகைய இருக்கைகள் வேண்டும். வேலை நேரத்திற்கு ஓர் எல்லை வேண்டும். பிழையைத் தனிமையிற் சுட்டும் நாகரிகம் வேண்டும். காய்ச்சலுக்குப் போலவே மனத்தளர்ச்சிக்கும் விடுமுறை கேட்கும் உரிமை வேண்டும். குணமாகித் திரும்புபவரைப் பழிச்சொல்லின்றி ஏற்று, சிறிது சிறிதாக வேலையைக் கூட்டித் தருதல் வேண்டும். மேற்பார்வையாளர்க்கு இவற்றிற் பயிற்சி அளிக்கவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன. மேலதிகாரி வைத்தியராதல் வேண்டா. ஊழியரின் அந்தரங்கத்தைத் துருவுதலும் ஆகாது. கேட்கும் பொறுமையும், தக்கவரிடம் வழிகாட்டும் அறிவும் இருந்தாற் போதும்.

வழியும் இல்லாமலில்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு உடல்நோயோடொப்ப மருத்துவக் காப்பீடு அளித்தல் வேண்டுமென்கின்றது. 2022 அக்டோபரில் இந்திய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் தொலைபேசி எண்ணிற் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இவ்வெண்ணைத் தீயணைப்பு நிலையத்தின் எண்ணோடு சேர்த்து ஒவ்வொரு காரியாலயச் சுவரிலும் எழுதிவைத்தால் நஷ்டமென்ன?

நண்பர்களே, இக்கலாசாலையை விட்டு நாம் செல்லும் நாள் தொலைவிலில்லை. சிலர் ஏவப்படுவோம், சிலர் ஏவுவோம். ஏவப்படுங்கால் நம் துயரைச் சொல்ல வெட்கப்படாதிருப்போமாக. ஏவுங்கால், கணக்கிற் பிழை கண்டவிடத்து, ஏட்டை நோக்குமுன் அதனை எழுதியவர் முகத்தை ஒருமுறை நோக்குவோமாக.