பூட்டின் மேல் பழி

“சான் பெர்னார்டினோவை மறந்துவிட்டீர்களா?” என்று சென்ற இதழில் கேட்டிருந்தார் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. மறக்கவில்லை ஐயா. அந்தக் கதையைப் பாதியில் மூடி வைத்தவர் நீங்கள்தான்.

அவர் சொன்ன பாதி இது. 2015 டிசம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் அந்த ஊரில் ஒரு தம்பதி 14 பேரைச் சுட்டுக் கொன்றனர். கொலையாளியின் ஐபோனைத் திறந்து தர ஆப்பிள் மறுத்தது, விசாரணை முடங்கியது. ஆகவே எல்லாச் செல்போனுக்கும் ஒரு பொதுச்சாவி அரசிடம் இருக்க வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்ல மறுக்கும் சந்தேக நபரைத் தண்டிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் வாதம்.

மீதிப் பாதியை நான் சொல்கிறேன். அந்த ஐபோன் 5சி கொலையாளியின் சொந்தப் போன் அல்ல, அவர் வேலை பார்த்த மாவட்ட நிர்வாகம் கொடுத்தது. சொந்தப் போன்களைத் தம்பதி முன்பே நொறுக்கிவிட்டனர். இதை மட்டும் நொறுக்காமல் விட்டது ஏன் என்று துப்பறியும் தொழிலில் இருந்தவருக்கு நான் விளக்க வேண்டுமா? அதன் ஐகிளவுட் நகல் அக்டோபர் 19 வரை இருந்தது. அதை ஆப்பிள் கொடுத்துவிட்டது. பழகிய வைஃபை பக்கம் போனைக் கொண்டுபோய் வைத்திருந்தால் புதிய நகலும் தானாக ஏறியிருக்கக்கூடும். அந்த வழியை அடைத்தது யார்? எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டபடி நிர்வாகமே ஐகிளவுட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டது. தவறு நடந்துவிட்டது என்று அன்றைய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியே நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அதற்குப் பிறகுதான் நீதிமன்றப் படலம். பத்து முறை தவறாக எண் போட்டால் தரவை அழிக்கும் ஏற்பாட்டையும், முயற்சிக்கு முயற்சி காத்திருக்க வைக்கும் தடையையும் நீக்கும் மென்பொருளை எழுதித் தரும்படி ஆப்பிளுக்கு 2016 பிப்ரவரி 16 அன்று உத்தரவு வந்தது. மார்ச் 22 அன்று வாதம். முந்தைய நாள், வேறொரு தரப்பு வழி காட்டக்கூடும் என்று அரசு பின்வாங்கியது. 28ஆம் தேதி, போன் திறந்தாகிவிட்டது என்று வழக்கையே கைவிட்டது. ஆப்பிள் விரலைக்கூட அசைக்கவில்லை. பின்னர் 2018இல் அமெரிக்க நீதித்துறையின் கண்காணிப்பு அதிகாரி தந்த அறிக்கையைக் கட்டுரையாளர் படித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். எஃப்.பி.ஐ.யின் ஒரு பிரிவுக்குத் தெரிந்த வெளியாள் திறக்கும் வழியை ஏறத்தாழ முடித்திருந்தார்; ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் தறுவாய் வரை அந்தப் பிரிவிடம் யாரும் கேட்கவில்லை. வழி கிடைத்ததும் இன்னொரு பிரிவின் தலைவருக்கு எரிச்சல் வந்ததாம், நல்ல வழக்கு கைநழுவிப் போயிற்றே என்று!

திறந்த போனில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்றே செய்திகள் வந்தன. திறக்க முடியாமல் 7,775 கருவிகள் கிடக்கின்றன என்று எஃப்.பி.ஐ. மேடைக்கு மேடை முழங்கிய எண்ணும் நிலைக்கவில்லை. எண்ணியதில் பிழை என்று 2018 மே மாதம் அவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

சரி, பொதுச்சாவிக்கு வருவோம். அதைப் பத்திரமாக வைத்திருக்க அரசால் முடியாதா என்று அப்பாவியாகக் கேட்கிறார். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையைவிடப் பத்திரமான இடம் அவருக்குத் தெரியுமா? அங்கிருந்து கசிந்த கருவியைக் கொண்டுதான் 2017இல் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் பிரிட்டிஷ் மருத்துவமனைகளை முடக்கியது. போன்களைத் திறந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட இஸ்ரேலிய நிறுவனம் செலிபிரைட்டிடமிருந்தே அதே ஆண்டில் 900 ஜிகாபைட் திருடு போனது. பூட்டு திறப்பவர் வீட்டிலேயே களவு!

அடுத்து, கைரேகை கொடுப்பது போலத்தானே பாஸ்வேர்ட் கொடுப்பதும் என்கிறார். காவல்துறையில் இருந்தவர் கதி காலு ஓகத் வழக்கை (1961) இப்படி வாசிக்கலாமா? கைரேகையும் கையெழுத்து மாதிரியும் உடலோடு கிடப்பவை, தன் அறிவிலிருந்து தகவல் சொல்வது வேறு என்ற பிரிவை நிலைநிறுத்தியதே அந்தத் தீர்ப்பு. மனத்தைத் திருகி உண்மையைப் பிழியும் நார்கோ சோதனையை விருப்பமின்றிச் செய்யக்கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த வழியில்தான். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அவர் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பே போனைச் சோதிக்க முறையான வாரண்ட் கேட்கிறது. அந்தப் பக்கத்தை அவர் மறைத்துவிட்டார். 2022இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அதையும் காணோம்.

பூட்டிய போன் என்றாலே கற்பாறை என்று அவர் எழுதுவதைப் பார்த்தால் தடய அறிவியல் கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. இயங்கத் தொடங்கிய பின் ஒருமுறையாவது திறக்கப்பட்ட போனில் மறைகுறியைத் திறக்கும் சாவிகளில் பெரும்பாலானவை நினைவகத்திலேயே தங்கியிருக்கும்; திறக்கும் கருவிகளுக்கு அதுதான் நல்ல வாய்ப்பு. அணைத்து மறுபடி இயக்கினால் அந்த வாய்ப்பு போச்சு. காத்திருக்க வைக்கும் தடையைத் தாண்டிவிட்டால் ஐபோனில் ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ 80 மில்லி விநாடி. நான்கு இலக்க எண் முழுவதையும் பதினான்கு நிமிடத்துக்குள் போட்டுப் பார்த்துவிடலாம். எனவே எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. அணைக்காமல், சார்ஜ் இறங்காமல், சிக்னல் புகாத உறையில் போட வேண்டும். பிடுங்கிய போனை ஸ்டேஷனில் ஆளுக்கு ஆள் தடவிப் பார்ப்பது சோதனை அல்ல, சாட்சியக் கொலை.

அவர் ஒரு வரியும் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. திறந்த பிறகு உள்ளே எதையும் சேர்க்கவில்லை என்று யார் உறுதி சொல்வது? பீமா கோரேகான் வழக்கில் கைதான ஒருவரின் மடிக்கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை கொடுத்தது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்ணை, குறிக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் சட்டமே சொல்கிறது. கைப்பற்றிய உடனே அந்த மதிப்பைக் கணக்கிட்டு உரியவர் கையில் ஒரு பிரதி கொடுத்தால் போதும், பாதிச் சந்தேகம் தீரும். பொதுச்சாவி கேட்பவர் இந்தச் சின்னக் காகிதத்தைக் கேட்கவில்லை.

மின்னணுக் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வகுக்கும்படி 2023 நவம்பரில் ஒன்றிய அரசிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த கட்டுரையை அவர் அந்த நெறிமுறைக்காக எழுதட்டும். முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன்.