அரை கிலோ மஞ்சளும் மீதித் தீவனமும்

பிராய்லர் கோழிக்கு மூலிகைத் தீவனம் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. மஞ்சள், பூண்டு, முருங்கை இலை, கீழாநெல்லி எல்லாம் பொடித்துக் கலந்தால் எடையும் கூடும், நோயும் வராது என்கிறார்கள். அந்தப் பொடியைப் பாக்கெட்டில் போட்டு விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். மூலிகை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால், ரசாயன மூட்டையை இறக்கிவிட்டு மூலிகை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்ட கதையாகிவிடும்.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் ஏன் வந்தது? நன்றாக இருக்கிற கோழிக்கும் தினமும் கொஞ்சம் கொடுத்தால் எடை கூடுகிறது என்று கண்டார்கள். நெருக்கமான கொட்டகையில், ஈரக் கூளத்தில் நிற்கிற கோழியின் குடலில் கெட்ட கிருமிகள் பெருகும். அவற்றோடு மல்லுக்கட்டவே தின்ற தீவனத்தில் ஒரு பங்கு போய்விடும். மருந்து கிருமிகளை அடக்கியது, மிச்சமான சத்து கறியானது. சுத்தமான கொட்டகையில் அதே மருந்துக்குப் பலன் குறைவுதான். அப்படியென்றால் அது ஈடுகட்டியது எதை? பண்ணையின் அழுக்கைத்தானே!

அதற்கான விலையை இப்போது ஊரே கொடுக்கிறது. சிறு அளவில் தினமும் மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி பிறகு அதற்கு அடங்குவதில்லை. கறி வழியாக, எரு வழியாக, தண்ணீர் வழியாக நம்மிடமும் வந்து சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006இல் நிறுத்தியது. வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து கோலிஸ்டின். அதையும் கோழித் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் 2019இல்தான் அதற்குத் தடை வந்தது.

இந்த இடத்துக்குத்தான் மூலிகை வருகிறது. பூண்டும் மஞ்சளும் குடல் கிருமிகளை ஓரளவு அடக்கும், செரிமானத்தைத் தூண்டும். முருங்கை இலையில் புரதமும் உயிர்ச்சத்துகளும் உண்டு. ஆனால் ஆய்வுகளில் எடைக் கூடுதல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. அளவும் முக்கியம். 100 கிலோ தீவனத்துக்கு மஞ்சள் தூள் அரை கிலோ போதும். நிழலில் காய்ந்த முருங்கை இலைத் தூள் 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். நார்ச்சத்து கூடினால் வளர்ச்சி பின்வாங்கும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தின் நச்சை எந்த இலையும் முழுசாக முறிக்காது. மூலிகையை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடவும் கூடாது. முதல் வாரம் ராணிக்கெட், இரண்டாம் வாரம் கம்போரோ, இரண்டும் போட்டே ஆக வேண்டும்.

ஆகவே வேலையின் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும். முதலில் காற்றோட்டம், இடம், நல்ல தண்ணீர். கூளத்தை அள்ளிக் கையில் பிடித்துப் பாருங்கள். கட்டியாக ஒட்டினால் ஈரம் அதிகம், கிளறிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். அதற்கப்புறம்தான் மஞ்சளும் பூண்டும்.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். அரை கிலோ மஞ்சள் சரி, மீதி 99 கிலோ சொச்சம் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் எந்த வயலில் விளைந்தவை? பூச்சிக்கொல்லி அடித்த தானியத்தின் மேல் மஞ்சளைத் தூவி 'இயற்கைக் கோழி' என்று விற்றால், நம்மை நம்பி வாங்குகிறவருக்குச் செய்கிற துரோகம் அது. மானாவாரியில் நம்ம கம்பும் சோளமும், வரப்பில் முருங்கையும், தொட்டியில் அசோலாவும் இருந்தால் தீவனத்தில் ஒரு பங்காவது நம் கைக்கு வரும்.

ஒப்பந்தப் பண்ணைக்காரர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. பல்லடம் வட்டாரம் தொடங்கிப் பல ஊர்களில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு மட்டும் நம்முடையது. கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தினமும் தன் கையால் கொட்டுகிற தீவனத்தில் என்ன இருக்கிறது என்று வளர்க்கிறவருக்கே தெரியாது. இதை நாம் இயக்கமாகக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு தீவன மூட்டையிலும் சேர்மானம் முழுவதும், மருந்து உட்பட, தமிழில் அச்சிட வேண்டும்.

சொந்தமாக வளர்ப்பவர்கள் யார் பேச்சையும், இந்தக் கட்டுரையையும்கூட, அப்படியே நம்ப வேண்டாம். 100 குஞ்சை ஐம்பது ஐம்பதாகப் பிரியுங்கள். ஒரே தீவனம், ஒரே கவனிப்பு, ஒரு பக்கம் மட்டும் மூலிகை. வாரா வாரம் எடை, தின்ற தீவனம், செத்த கணக்கு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒன்றிரண்டு பட்டம் போனாலே எந்த இலை உங்கள் பண்ணைக்குத் தேவை என்று அந்த நோட்டு சொல்லிவிடும். பாக்கெட் விற்க வருகிறவரிடமும் அதையே எடுத்துக் காட்டுங்கள்.