கொழுப்பு பார்க்கிற பாலிலே நோயையும் பாருங்க!



மூணு தடவை சினை ஊசி போட்டும் மாடு நிக்கலை. ஏழாம் மாசத்திலே கன்று வீசிடுது. நஞ்சுக்கொடி விழாம நாத்தம் எடுக்குது. உடனே "தீனி சரியில்லை" என்று பழியை நம்ம தலையிலே கட்டுறாங்க. பல மாடுகளில் இது கருப்பையைத் தாக்கும் கிருமிகளின் வேலை!

கன்று போட்ட சில நாளிலேயே ஈ.கோலை, ட்ரூபெரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் கருப்பையில் சீழ் வைக்கின்றன. ஐ.பி.ஆர். என்ற வைரஸ் சினையைக் கலைத்துவிட்டு, மாட்டின் உடம்பிலேயே ஒளிந்து கிடக்கும். புருசெல்லா பாக்டீரியா 5 மாதத்துக்கு மேற்பட்ட சினையைக் கலைக்கும். வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் எடுக்கிற நம்ம வீட்டுப் பெண்களுக்கும், காய்ச்சாத பால் குடிக்கிறவர்களுக்கும் அது தொற்றும். விட்டு விட்டு காய்ச்சல், மூட்டுவலி என்று ஆளையே முடக்கிப் போடும்.

எந்தக் கிருமி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? சோதனை பண்ணணும். ஆனா நடக்கிறது என்ன? சோதனையே இல்லாம ஆன்டிபயாடிக் ஊசி. வைரசுக்கு அது கேட்காது. காசு கரைஞ்சதும் மாடு சந்தைக்குப் போகுது. அங்கே வாங்குறவரும் நம்மைப் போல ஒரு விவசாயிதான். நோய் அவர் தொழுவத்துக்கும் போகுது.

கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எப். எவ்வளவு என்று தினமும் பாலைச் சோதிச்சு நம்ம விலையைக் குறைக்கிறாங்களே, அதே பாலில் ஒரு சொட்டு மருந்து விட்டு புருசெல்லா இருக்கா என்று பார்க்கலாம். நோய் இருந்தால் மேலே நீல வளையம் கட்டும். விலையைக் குறைக்கச் சோதனை உண்டு, மாட்டைக் காப்பாற்ற இல்லையா?

கோமாரிக்கும் புருசெல்லாவுக்கும் என்று மத்திய அரசு 2019-ல் 13,343 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 4 முதல் 8 மாத கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு தடுப்பூசி போதும். உங்க ஊர்ல எத்தனை கன்றுக்குப் போட்டாங்க? கேளுங்க!

நமது கோரிக்கைகள்:

1. சங்கம்தோறும் கூட்டுப்பாலில் புருசெல்லா சோதனை நடத்து! சந்தேகம் வந்தால் ஒவ்வொரு மாட்டுக்கும் இலவச ரத்தப் பரிசோதனை செய்!

2. தடுப்பூசி போட்ட கன்றுகளின் கணக்கைச் சங்கப் பலகையில் எழுதி வை!

3. கன்று வீசிய மாட்டுக்கு ஆய்வகச் சோதனை செய்து, முடிவை எழுத்தில் கொடு!

4. நோய் உறுதியான மாட்டுக்குச் சந்தை விலையை இழப்பீடாகக் கொடு! இழப்பீடு இல்லாட்டி எவரும் நோயை வெளியே சொல்லமாட்டார்.

அதுவரை நாமும் வீசிய கன்றை ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். கையுறை இல்லாமல் தொடமாட்டோம்.

மாடு சினை நின்னாத்தான் சங்கத்திலே கேன் நிறையும். சங்க வாசலில் திரள்வோம், கேட்டு வாங்குவோம்!