மீண்டு வந்த மோட்டார் வண்டி

ஊரை விட்டு வந்தபோது விற்றுவிட்டு வந்த பொருள்களைப் பற்றிய பேச்சு நம்மவர் வீடுகளில் ஓய்வதே இல்லை. தாராவியானாலும், மாதுங்காவானாலும், செம்பூரானாலும், பாட்டியின் செப்புக் குடமும் தாத்தாவின் வில்வண்டியும் யார் கைக்குப் போயின என்று கேட்டுப் பெருமூச்சு விடாத குடும்பம் அரிது. விற்ற பொருளை 42 ஆண்டுகளுக்குப் பின் மீட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை இம்மாதம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அப்பொருள் செப்புக் குடம் அன்று. ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் வண்டி.

சௌராஷ்டிரத்து ராஜ்கோட் சமஸ்தானத்தின் மன்னர் தர்மேந்திரசிங்ஜிக்காக 1934ஆம் ஆண்டில் உருவான வண்டி அது. ‘பாண்டம் 2 காண்டினென்டல்’ என்னும் வகை. 6 சிலிண்டர்களும் 7,668 சி.சி. கொள்ளளவும் உள்ள எஞ்சின். அந்நாளில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டுமே விற்பர். அதன்மேல் கூடு கட்டுவது வேறு பட்டறைக்காரரின் வேலை. இதற்குக் கூடு கட்டியவர்கள் லண்டன் ‘திரப் அண்டு மேபர்லி’ நிறுவனத்தார். மடக்கும் துணிக்கூரை, ஏற்றி இறக்கும் கண்ணாடிகள், காவி கலந்த மஞ்சள் வண்ணம்; இவற்றோடு ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்னும் பெயரும் அதற்கு வாய்த்தது.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு அடி வேறு, கூடு வேறு என்பது புதிய செய்தி அன்று. 1915இல் அமைந்த மாதுங்கா பட்டறையில் ரயில் பெட்டியின் கூட்டை உயரே தூக்கிவிட்டு, போகியைத் தனியே உருட்டிச் சென்று செப்பனிடுகிறார்கள். பழைய மோட்டாரைப் புதுப்பிப்பதும் அத்தகைய வேலையே. ஆனால் கையால் கட்டிய கூட்டுக்குக் கடையில் உதிரி கிடையாது. மரச்சட்டம் உளுத்திருந்தால் தச்சர் புதிதாக இழைக்க வேண்டும். தகடு நெளிந்திருந்தால் கொல்லர் தட்டி வளைக்க வேண்டும். இருக்கைத் தோலை அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஒரு தோலை மடிப்பு விழாமல் இழுத்துத் தைப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பதைத் தாராவித் தோல் தொழிலாளரைக் கேட்டால் சொல்வார்கள்.

1940இல் தர்மேந்திரசிங்ஜி மறைந்தார். தம்பி பிரத்யுமன்சிங்ஜி பட்டத்துக்கு வந்தார். 1948இல் சமஸ்தானம் சௌராஷ்டிர ராஜ்யத்தோடு இணைந்தது. 1968இல் வண்டி பில் மெரிடித் ஓவன்ஸ் என்னும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டுக் கடல் கடந்தது. பின்னர் பல கைகள் மாறி, 2010இல் மொனாக்கோ நகரில் ஏலத்துக்கு வந்தது. அங்கே பிரத்யுமன்சிங்ஜியின் பேரர் மாந்தாதாசிங் ஜடேஜா அதனை ஏலத்தில் எடுத்தார். தாத்தா காலத்து வண்டி வீடு திரும்பிற்று. இதைக் கேட்டு நாமும் மகிழ்கிறோம்.

ஆயினும் வண்டியின் வரலாறு இவ்வளவுதானா என்று சற்றே நின்று கேட்கத் தோன்றுகிறது. காந்தியடிகளின் தந்தையார் திவானாக இருந்த ஊர் ராஜ்கோட். தர்மேந்திரசிங்ஜியின் தந்தையார் லாகாஜிராஜ் 1923இல் பிரஜைகளுக்குப் பிரதிநிதி சபை அமைத்துக் கொடுத்தவர். மகனுடைய ஆட்சியிலோ கஜானா வறண்டது. தீப்பெட்டி, சர்க்கரை, அரிசி ஆகியவற்றை விற்கும் ஏகபோக உரிமைகள் தனி வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன, விலைகள் ஏறின. 1936இல் சமஸ்தானப் பஞ்சாலைத் தொழிலாளர் 800 பேர் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1938இல் மக்கள் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் சர்தார் படேலுக்கு மன்னர் தந்த வாக்கு காற்றில் போயிற்று. 1939 பிப்ரவரியில் கஸ்தூரிபா காவலில் வைக்கப்பட்டார். மார்ச் 3ஆம் தேதி காந்தியடிகள் அவ்வூரிலேயே உண்ணாவிரதம் தொடங்கி, 7ஆம் தேதி முடித்தார்.

இத்தனைக்கும் ஒரு மோட்டார் வண்டியே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அவ்வண்டி தெருவில் போனபோது, தீப்பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுத்தவனும் ஓரமாய் நின்று பார்த்திருப்பான் அல்லவா? மன்னர் பெயர் நிற்கிறது. கம்பெனியின் பெயர் நிற்கிறது. ஏலம் எடுத்தவர் பெயரும் நிற்கிறது. சட்டம் இழைத்த தச்சன் பெயரும், வரி கட்டிய குடியானவன் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. வண்ணத்தையும் தோலையும் புதுப்பித்தால் வண்டி மீளும். அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு மீளும்.

நமது வீடுகளுக்கும் இது பொருந்தும். பாட்டியின் செப்புக் குடத்தை எந்த ஏலத்திலும் நாம் மீட்கப் போவதில்லை. அதைச் செய்த கன்னான் யார், அதை விற்ற பணத்தில் யாருடைய பள்ளிச் சம்பளம் கட்டப்பட்டது, பம்பாய்க்கு யாருக்கு ரயில் டிக்கெட் வாங்கப்பட்டது என்பதை நினைவிருக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அருகில் உட்கார்ந்து கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போமாக.