பழைய வீடும் புதிய விலையும்

வீடு வாங்குவோர் இருவகையர். குடியிருக்க வாங்குவோர் ஒரு சாரார். விற்பதற்கென்றே வாங்குவோர் மற்றொரு சாரார். புதிய வீட்டைப் பொறுத்தவரை இவ்விருவர் கணக்கும் பெரிதும் வேறுபடுவதில்லை. சிதைந்த பழைய வீட்டிலோ அவை முற்றும் வேறாம். இவ்வேற்றுமையை, புதுவை நகரில் எம் குடும்பத்தார்க்கு நேர்ந்த ஒரு வினாவைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களுள் ஒன்றில், நூறாண்டு கடந்த மெத்தை வீடொன்று விலைக்கு வந்தது. தெருவை நோக்கித் திண்ணையும் தாழ்வாரமும், உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றமும், மேல்மாடியில் பிரெஞ்சு முறையில் வளைந்த சாளரங்களும் அமைந்தது அது. பணியினின்று ஓய்வு பெற்ற என் தாய்மாமன் அதனை வாங்கிப் புதுக்கி விற்க எண்ணி, என் தாயாரின் சேமிப்பையும் பங்காகக் கேட்டார். அச்சேமிப்போ என் தங்கையின் கல்விக்கென வைத்தது. ஆதலின், உடன் சென்று பார்த்து வருமாறு அன்னையார் என்னைப் பணித்தார்.

“வெள்ளையடித்துக் கதவுகளுக்கு மெருகு பூசினாற் போதும், வாங்குவோர் தாமே வருவர்,” என்றார் தரகர். மாமனுடன் வந்த முதிய கொத்தனார் மறுமொழி கூறாது ஏணியிலேறி, உத்திரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நடுவில் கணீரென்ற மரம், சுவரிற் புதைந்த முனையில் மொத்தென்று ஒலித்தது. பின்னர்ச் சுவரடியைச் சுரண்டினார். யாரோ முன்னாளிற் பூசிய சிமிட்டிப் பூச்சு பலகைபோற் பெயர்ந்தது. உள்ளே செங்கல் உப்புப் பூத்து மாவாய் உதிர்ந்தது.

இதன் காரணம் அறியத்தக்கது. இவ்வகை வீடுகளின் தளம், மரக்கட்டைகளின்மேற் செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேற் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்துச் செய்தது. சுவரும் சுண்ணச்சாந்தாலாயது. அச்சுவர் ஈரத்தை ஏற்பினும் மீண்டும் வெளிவிட்டு உலரும். அதன்மேற் சிமிட்டி பூசின், ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு உப்பும் நைவும் பெருகும். ஆகவே, புதுக்குவதாக எண்ணிச் செய்த வேலையே கேடாய் முடிதலும் உண்டு.

பத்திரத்திலும் இத்தகைய மறைவான நைவு உண்டு. 1962-இற் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் புதுவையிற் பல. அவற்றின் வழியினர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பாகம் பிரியாத வீட்டில் உரிமையாளர் ஒருவர் கையொப்பம் குறையினும், அவர் பங்கு வாங்கினவனுக்கு வாராது. வரியும் நினைக்கத்தக்கது. வாங்கிய 24 மாதத்திற்குள் விற்பின், ஊதியம் குறுகியகால ஆதாயமாய்க் கருதப்பெற்று ஏனைய வருமானத்தோடு சேர்ந்து வரிக்குட்படும்.

அங்ஙனமாயின் பழைய வீடுகளைக் கைவிடுவதோ எனின், அன்று. வைசியாள் வீதியின் தெருமுகப்புகளை நகராட்சியும் இன்டாக் என்னும் மரபுக் காப்பு நிறுவனமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு சீர்செய்தன. அப்பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதினைப் பெற்றது. பழமையைப் பேணல் இயலும் என்பதற்கு அவ்வீதியே சான்று. பேணாது காலந்தாழ்த்தின் என்னாகும் என்பதற்குக் கடற்கரையில் நின்ற மேரி கட்டடம் சான்று. 1870-71-இல் எழுந்த அம்மாளிகை 2014 நவம்பர் 29-ஆம் நாள் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அவ்வுருவிலேயே மீண்டும் எழுப்பப் பெற்றதாயினும், வீழ்ந்தது வீழ்ந்ததே.

ஆயின், விற்பதற்கென்றே புதுக்குவோன் எதனைச் செப்பனிடுவான்? வாங்குவோன் கண்ணுக்குப் புலனாவதையே. உத்திரமுனையை மாற்றச் செலவு மிகுதி. மாற்றியபின் அது சுவருள் மறைந்துவிடும். வண்ணம் பூசச் செலவு குறைவு. அது தெருக்கோடியிலிருந்தே தெரியும். இந்நிலையில் ஊதியவேட்கை நேர்மையானவனையும் மெல்ல மெல்ல வண்ணத்தின் பக்கமே இழுக்கும். புறத்தே வெள்ளையடித்து அகத்தே நைந்திருப்பதைக் கல்லறைக்கு உவமித்த திருமறைமொழி, அன்று என் நெஞ்சிற் பெரிதும் உறுத்தியது.

வீட்டிற்குத் திரும்பியதும் அன்னையாரிடம் யான் கூறியது இதுவே: “மாமன் அவ்வீட்டில் தம் பேரர்களோடு பத்தாண்டு உறங்க ஒருப்படுவாராயின், அதற்கு வேண்டும் செலவு அனைத்தையும் எழுதிக் கூட்டட்டும். அத்தொகையோடு வாங்குவிலையும் சேர்ந்து, விற்குவிலைக்குள் அடங்குமாயின் வாங்குக. அடங்காதாயின், நமக்கு வரும் ஊதியம் அடுத்து வாங்குவோன் தலைமேல் நாம் வைத்த பாரமேயாகும்.”

மாமன் சினந்தார், ஆயினும் கொத்தனாரை அழைத்துக் கணக்கெழுதினார். தொகை அடங்கவில்லை. முன்பணம் கொடாமலே மீண்டார். அவ்வீட்டுத் திண்ணையைக் கடக்குந்தோறும் எனக்கு வருத்தமே. குடியிருக்கும் நெஞ்சத்தோடு ஒருவர் அதனை வாங்குவாராக; அவருக்கு அவ்வுத்திரத்தின் முனையைச் சுட்டிக்காட்ட யான் எந்நாளும் ஆயத்தமாயுள்ளேன்.